முகம் கோணிய நாள்

பொங்கல் விடுமுறை முடிந்து பிரஸ் திறந்த திங்கட்கிழமை காலை, எதிர் மேஜையில் உட்கார்ந்து தாள் எண்ணும் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எண்ணிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டாள்.

“அக்கா, உங்களுக்கு வாய் ஏன் ஒரு பக்கமாப் போகுது?”

கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்ததும் அவள் எழுந்தே வந்துவிட்டாள். என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “சிரிக்காதீக, சிரிக்காதீக” என்றாள். அவள் குரலைக் கேட்டு மிஷினை ஓட்டுகிறவரும் வந்து பார்த்தார்.

“ரெஜிஸ்டர் மாறினாப்லல்லா இருக்கு” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருமே சொன்னதற்காக வருத்தப்பட்டதுபோல் வேறு பக்கம் பார்த்தார்.

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். நாரணாபுரம், விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பெட்டி லேபிள் அடிக்கிற பிரஸ். நான்கு நிறங்களும் ஒன்றின்மேல் ஒன்று நகராமல் விழுந்திருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. அதைத்தான் ரெஜிஸ்டர் என்போம். மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கிற குழந்தைக்குச் சிவப்பு நூலளவு நகர்ந்துவிட்டால் போதும், உதடு முகத்தைவிட்டுத் தனியே நிற்கும். அடுத்த நொடி மிஷினை நிறுத்தச் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கு என் முகம் நகர்ந்தது தெரியவில்லை.

வீட்டில் தெரியாமல் போனதற்குக் காரணங்கள் இருந்தன. விருதுநகரில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். அம்மா இருந்தவரை இரண்டு பேர், பிறகு நான் மட்டும். அண்ணன் கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறான். பொங்கலுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டான். பஸ் கூட்டத்தைச் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டேன். என்னிடம் இருப்பது பொட்டு வைத்துக்கொள்ளும் வட்டக் கண்ணாடி. அதில் நெற்றி மட்டும்தான் தெரியும், அதற்குமேல் பார்க்க எனக்கும் தேவை இருந்ததில்லை. தலையைக் கை பழக்கத்தில் வாரிக்கொள்வேன். இரண்டு நாளாகக் காபி குடிக்கும்போது இடது கடைவாயில் ஒழுகியது. கடைவாய்ப் பல் தொந்தரவு முன்பே உண்டு என்பதால் அதுதான் என்று நினைத்தேன். கண் எரிந்ததற்குப் பனியைக் குற்றம் சொன்னேன். மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கல் ஒரு பக்க நாக்கில் ருசியே இல்லாமல் கிடந்தது. வெல்லம் மட்டம் என்று முடிவு செய்தேன்.

பிரஸ் மானேஜர் பார்த்ததும் பயந்துபோனார். “பக்கவாதமா இருக்கும், உடனே போங்க” என்று ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். தாள் எண்ணும் பெண் என்னோடு ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் என் இடது கையைப் பிடித்து, “விரலை மடக்குங்க, நீட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். விரல்கள் நன்றாகத்தான் மடங்கின. ஆட்டோ ஹாரன் அடிக்கும்போதெல்லாம் இடது காதுக்குள் யாரோ தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்தது. காலையில் பஸ்ஸிலும் அப்படித்தான் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் ஐம்பது வயதை ஒட்டிய பெண். நிதானமானவர். கை காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, என் தலையின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்தார்.

“நெத்தியைச் சுருக்குங்க. ஆச்சரியப்பட்டா புருவத்தைத் தூக்குவீங்கல்ல, அப்படி.”

தூக்கினேன். தூக்கியதாகத்தான் நினைத்தேன். வலது பக்கம் அவர் கைக்கு அடியில் தலைத்தோல் முன்னும் பின்னும் வழுக்குவது எனக்கே தெரிந்தது. இடது பக்கம் சும்மா கிடந்தது.

“நல்லது” என்றார் டாக்டர்.

“அசையலையே டாக்டர், எப்படி நல்லது?” என்று என்னோடு வந்த பெண் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான், ஆனால் வாயைத் திறக்கத் தயக்கமாக இருந்தது.

“மூளையில அடைப்பு வந்து வாய் கோணினா பெரும்பாலும் நெத்தி தப்பிச்சிரும். நெத்திக்கு மட்டும் மூளையோட ரெண்டு பக்கத்துலயிருந்தும் உத்தரவு வருது. ஒரு பக்கம் போனாலும் மத்த பக்கம் பாத்துக்கிடும். இவங்களுக்கு நெத்தியும் சேந்து நின்னுருச்சு. அதனால கோளாறு மூளையில இல்லை, அங்கயிருந்து முகத்துக்கு வர்ற நரம்புல.”

பிறகு தன் இடது கையைத் தன் கன்னத்திலேயே வைத்துக் காட்டினார். மணிக்கட்டு காது மடலுக்குக் கீழே, விரல்கள் ஐந்தும் விரிந்து முகத்தின்மேல். கட்டைவிரல் நெற்றிப்பொட்டுக்கு, ஒரு விரல் கண்ணுக்கு, ஒன்று கன்னத்துக்கு, ஒன்று வாய்க்குக் கீழே, சுண்டுவிரல் கழுத்துக்கு.

“நரம்பு இப்படித்தான் பிரியுது. சிரிக்க, கண்ணை மூட, ஊத, உதட்டைக் குவிக்க, எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான். வெளிய வர்றதுக்கு முன்னாடி காதுக்குப் பின்னாடி எலும்புக்குள்ள ஒரு குறுகலான குழாய் வழியா வருது. அந்தக் குழாய்க்குள்ள நரம்பு வீங்கிருச்சுன்னா விரிய இடமில்லை. நசுங்குது. அங்கயிருந்தே காதுக்கும் நாக்குக்கும் சின்னச் சின்னக் கிளை போகுது. அதான் சத்தம் பெருசாக் கேக்குது, ருசி தெரியல.”

வெல்லத்தின்மீது சொன்ன பழியை மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

“எப்போ ஆரம்பிச்சுது?” என்று கேட்டார்.

“தெரியல டாக்டர்.”

“வீட்டுல யாரும் பாத்துச் சொல்லலையா?”

“வீட்டுல நான் மட்டும்தான்.”

“பரவாயில்ல. வெளிய யாராவது? கடைசியா யாரோட முகம் பாத்துப் பேசுனீங்க?”

யோசித்தேன். போகிக்கு முதல் நாள் பிரஸ்ஸில் பேசியது நினைவுக்கு வந்தது. அண்ணனிடம் போனில் பேசினேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னோடு வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அது வாய் கோணியதைவிட எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் ஏன் கேட்டார் என்பதை விளக்கினார். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. வந்த மூன்று நாளைக்குள் தொடங்கினால் நல்ல பலன் தரும். தாண்டிவிட்டால் பலன் குறைவு. எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. அந்த மாத்திரை சர்க்கரையை எகிற வைக்கும். பலன் இல்லாமல் அந்தத் தொந்தரவு எதற்கு என்பது அவர் கணக்கு. “மாத்திரையை வாங்கிக் கையில வச்சுக்கங்க, நான் சொன்னதும் ஆரம்பிக்கலாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள யார்கிட்டயாவது விசாரிச்சு எனக்குப் போன் பண்ணுங்க. எந்த நாள்வரைக்கும் முகம் சரியா இருந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும்.”

இப்படியாக, என் முகம் எந்த நாளில் கோணியது என்று கேட்டு என் தெருவில் நானே வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது.

முதலில் பால் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும், “ஐயையோ, என்னாச்சு?” என்றார். விடுமுறையில் நான் பால் வாங்கிப் போனது அவருக்கு நினைவே இல்லை. அடுத்து தெரு முனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“சனிக்கிழமை சாயந்தரம் துணி வாங்க வந்தீகல்ல, அப்பமே பாத்தேன். ஒரு பக்கம் இறுகினாப்ல இருந்துச்சு.”

“சொல்லியிருக்கலாமேண்ணே.”

“கோவமா இருக்கீகன்னு நெனச்சேம்மா. ஏதாவது கேட்டா வள்ளுன்னு விழுவீகளோன்னு பேசாம இருந்துட்டேன்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் துணியை வைத்துவிட்டு வருவதும் எடுத்துக்கொண்டு வருவதும் தவிர நான் என்ன பேசியிருக்கிறேன்? சனிக்கிழமை சாயந்தரம் கோணியிருந்தது, சரி. அதற்கு முன்பு? வெள்ளிக்கிழமை மாட்டுப் பொங்கல், அன்று நான் எங்கும் போகவில்லை.

வீட்டுக்குத் திரும்பிப் பூட்டைத் திறக்கும்போது எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் வயதான கணவன் மனைவி இரண்டு பேர். அவர் பஜாரில் பருப்பு, வத்தல் கமிஷன் வியாபாரம் செய்பவர். விடிந்ததும் தொழுதுவிட்டுக் கடைக்குப் போவதையும் இருட்டியதும் திரும்புவதையும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவை நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பும்போது வாசலில் பார்த்ததோடு சரி. ஒரே தெருவில் இத்தனை வருடம் இருந்தும் நின்று பேசியதில்லை.

“இங்கன வாங்க. என்ன, காலையில போன ஆளு மத்தியானமே திரும்பிட்டீக? மொகத்துக்கு என்ன?”

சொன்னேன். கேட்டுக்கொண்டே அந்த அம்மா கதவைத் திறந்து என்னை உள்ளே உட்கார வைத்தார்.

“மாட்டுப் பொங்கலன்னைக்கு நல்லாத்தான் இருந்தீக” என்றார், யோசிக்காமலே.

“எப்படிக்கா சொல்றீங்க?”

“சாயந்தரம் ஒரு கன்னுக்குட்டிக்குப் பலூனைக் கட்டி இழுத்துட்டுப் போனாகல்ல? அது பலூனு வெடிச்சுப் பயந்து ஓட, பிடிச்சிருந்தவன் பின்னாலயே விழுந்து எந்திரிச்சு ஓடுனான். நீங்க வாசல்ல நின்னு சிரிச்சீக. பல்லு அம்புட்டும் தெரியச் சிரிச்சீக. ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. நான் இந்த ஜன்னல்ல நின்னு உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்.”

கன்றுக்குட்டி ஓடியது எனக்கு நினைவிருந்தது. நான் சிரித்தது நினைவில் இல்லை. நான் தனியாக நின்று சிரித்ததை ஒருவர் பார்த்திருக்கிறார், பார்த்ததை மூன்று நாளாக வைத்திருக்கிறார் என்பது என்னை ஏதோ செய்தது. அங்கேயே உட்கார்ந்து டாக்டருக்குப் போன் செய்தேன். வெள்ளி சாயங்காலம்வரை முகம் சரியாக இருந்தது, சனி சாயங்காலம் கோணியிருந்தது, பார்த்தவர்கள் சொல்கிறார்கள் என்றேன். “அப்போ நேரம் இருக்கு, இப்பவே மாத்திரையை ஆரம்பிங்க” என்றார். மாத்திரையை முழுங்கத் தண்ணீர் கொடுத்ததும் அந்த அக்காதான். இடது பக்கம் ஒழுகியபோது முந்தானையால் துடைத்துவிட்டார்.

மாத்திரையைவிடக் கண்தான் பெரிய பாடாக இருந்தது. இடது இமை மூடவில்லை. மூடாத கண் காய்ந்துபோகும் என்று பகலில் சொட்டு மருந்தும், படுக்கும்போது களிம்பு போட்டு இமையைப் பேப்பர் டேப்பால் ஒட்டிக்கொள்ளவும் சொல்லியிருந்தார்கள். ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு மறு கண்ணை நாமே ஒட்டுவது எளிதில்லை. முதல் நாள் இமைமயிர் உள்ளே மடங்க ஒட்டிவிட்டேன். காலையில் கண் மிளகாய்ப்பழம்போல் சிவந்திருந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டுக் கருவிழியில் கீறல் விழுந்திருக்கிறது என்றார். “வேற யாரையாவது ஒட்டிவிடச் சொல்லுங்க” என்றார் அவரும். எல்லாருக்கும் வேறு யாராவது இருப்பார்கள் என்றுதான் டாக்டர்கள் நினைக்கிறார்கள்.

எதிர்வீட்டு அக்கா நான் கேட்பதற்கு முன்பே வந்தார். பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுகையை முடித்துவிட்டு, தலையில் துப்பட்டாவோடு தெருவைக் கடந்து வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“கண்ண மூடுங்க.”

மூடினேன்.

“யா அல்லா! கருமுழி மேல போய் ஒளிஞ்சுக்கிடுது. வெள்ளையாத் தெரியுது. இது எதனால?”

எனக்கும் பயமாகிவிட்டது. மறுமுறை டாக்டரிடம் போனபோது கேட்டேன். கண்ணை மூடும்போது எல்லாருக்குமே விழி மேலே உருளுமாம். மற்றவர்களுக்கு இமை இறங்கி மறைத்துவிடுவதால் யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அக்கா தன் வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்து, பாதிக் கண் மூடச் சொல்லிப் பார்த்தாராம். “அவுகளுக்கும் அப்படித்தான் போகுது” என்று வந்து சொன்னார்.

அவர் விரல் நுனியில் எப்போதும் வெங்காய வாசம் லேசாக இருக்கும். களிம்பைக் கீழிமையில் தடவி, மேலிமையைப் பூவைத் தொடுகிற மாதிரி இழுத்துவிட்டு, இரண்டு துண்டு டேப்பைச் சாய்வாக ஒட்டுவார். ஒட்டியபின் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம். அவருடைய பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். பகல் முழுக்க வீட்டில் அவர் மட்டும்தான். சமையல் முடிந்தால் ஜன்னல். இந்தத் தெருவில் யார் எப்போது போகிறார்கள், யார் வீட்டுக்கு எந்தக் காய்கறிக்காரர் வருகிறார் என்று அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவர்களில் யாரோடும் அவருக்குப் பேச்சில்லை. சிவகாசிக்கு அவர் ஒரு கல்யாணத்துக்குப் போனதோடு சரி. பிரஸ்ஸைப் பற்றி நிறையக் கேட்பார். பெட்டியில் சிரிக்கிற பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

ஆஸ்பத்திரியில் முகப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு பெரிய கண்ணாடி வாங்கச் சொன்னாள். அதன் எதிரே உட்கார்ந்து புருவம் தூக்கு, மூக்கைச் சுருக்கு, கன்னத்தை உப்பு, உதட்டைக் குவி. “இது மட்டும் போதாது, நல்லா வாய் விட்டுப் பேசுங்க, பேச்சும் பயிற்சிதான்” என்றாள். யாரிடம் பேச? பிரஸ்ஸில் மிஷின் ஓடுகிற சத்தத்தில் சைகைதான் பாதி. அதனால் அந்தப் பயிற்சியும் சாயந்தரத்துக்கு வந்து சேர்ந்தது. அக்காவும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தை உப்புவார். என் இடது பக்கம் காற்றுப்போன பலூன் மாதிரி தொங்கும். அவருக்கு இரண்டு பக்கமும் உப்பும். எங்கள் இரண்டு முகங்களையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும்.

“நிக்காஹ் ஆனதுலயிருந்து கண்ணாடி முன்னால இம்புட்டு நேரம் உக்காந்ததில்ல” என்பார்.

மாசி கடைசியில் ஒருநாள் நான் “ஈ” என்று இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் என் கையைப் பிடித்தார். “ஆடுச்சு! கடவாய் ஆடுச்சு! திரும்பிச் செய்யுங்க.” கண்ணாடியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்க்கிறவளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. மறுநாள் எனக்கும் தெரிந்தது. உதட்டோரத்தில், தண்ணீருக்கு அடியில் மீன் திரும்புவதுபோல் ஓர் அசைவு. அதற்குப் பிறகு கன்னம் வந்தது. பங்குனியில் இமை முழுக்க இறங்கியது. நெற்றிதான் கடைசி.

இமை மூடத் தொடங்கியதும் டேப் வேண்டியதில்லாமல் போயிற்று. டேப் இல்லாததால் சாயந்தரம் வர அவருக்கும் காரணம் இல்லை. இதை நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யவில்லை. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். பிறகு அவர் வீட்டுக்காரருக்குக் கால்வலி, அப்புறம் எனக்குப் பிரஸ்ஸில் லேபிள் சீசன், இருட்டிய பிறகுதான் பஸ் ஏறுவேன். வரும்போது ஜன்னலில் நிற்பார். “சாப்பிட்டீகளா?” என்பார். “இனிமேதான்க்கா” என்பேன். அவ்வளவுதான். நோய் குணமானதில் நஷ்டமும் உண்டு என்று யாரிடம் சொல்ல முடியும்? கண் மூடிப் படுக்கும்போது இமைமேல் அந்த விரல் இல்லாதது பல நாள் தெரிந்தது.

புரட்டாசியில் புது விஷயம் ஒன்று தொடங்கியது. மத்தியானம் பிரஸ்ஸில் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் சாப்பிட்டதும் இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எரிச்சல் இல்லை, தூசி இல்லை. சாப்பிட்டு முடித்ததும் தானாக நின்றது. மறுநாளும் அப்படியே. புளிக்குழம்பு என்றால் அதிகம், தயிர்சாதம் என்றால் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நான் அழுவதாக நினைத்துவிட்டார்கள். ஒருத்தி தன் பாக்ஸிலிருந்து மீன் துண்டை எடுத்து என் மூடியில் வைத்தாள். இன்னொருத்தி, “தனியா இருக்கோம்னு நெனக்காதீகக்கா” என்று தோளைத் தொட்டாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை, பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

டாக்டர் கேட்டதும் புரிந்துகொண்டார். கண் குழிக்குள் மேலே, வெளிப்பக்க மூலையில், எலும்பின் பள்ளத்தில் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது என்று தன் புருவத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். “நசுங்கின நரம்பு திரும்ப வளரும்போது சில இழை வழி தவறிடும். எச்சில் சுரக்க வைக்கப் போக வேண்டிய இழை உங்களுக்குக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேந்திருக்கு. வாய்க்கு வர வேண்டிய தண்ணி கண்ணுல வருது. இதனால ஆபத்து இல்ல. வேணும்னா ஊசி போடலாம்.” வேண்டாம் என்றுவிட்டேன். பிரஸ்ஸில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார்கள். ஆனாலும் மீன் துண்டு வருவது நிற்கவில்லை.

தீபாவளி முடிந்த பிறகு எதிர்வீட்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொன்னார். வீட்டுக்குள் நுழைந்ததும் அட்டைப்பெட்டிகள் கட்டி அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். கடையை வேறு ஒருவருக்குக் கைமாற்றிவிட்டார்களாம். கால்வலியோடு வீட்டுக்காரரால் கடையில் நிற்க முடியவில்லை. மகன் சென்னைக்கே வந்துவிடச் சொல்லிவிட்டான்.

“எப்பம்க்கா?”

“இந்தா, புதங்கிழமை. ஜன்னல்ல நின்னே சொல்லியிருப்பேன். அங்கன நின்னு சொல்ற விசயமா இது?”

பாயை விரித்து, நெய்ச்சோறும் தாளிச்சாவும் வைத்தார். வீட்டுக்காரர் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்தோம். இரண்டாவது கவளத்தில் வழக்கம்போல் என் கண் ஆரம்பித்துவிட்டது.

“அழாதீக” என்றார்.

“அழுகை இல்லக்கா. நரம்புன்னு சொன்னேன்ல. சாப்பிட்டா இப்படித்தான் வரும்.”

அவர் கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அத்தனை மாதம் பார்த்த அதே பார்வை.

“நரம்பு இடது கண்ணுதான? ரெண்டுலயும் வருதே.”

நான் கையால் தொட்டுப் பார்த்தேன். வலது கன்னமும் நனைந்திருந்தது. அதற்குமேல் நான் எதையும் மறைக்கவில்லை. அவரும் அழுதார். அழுதுகொண்டே தாளிச்சாவை இன்னொரு கரண்டி ஊற்றினார். முன்னறையிலிருந்து, “தண்ணி கொண்டா” என்று குரல் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

புதன்கிழமை நான் லீவு போட்டேன். லோடு ஏற்றிய வண்டி சந்தில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாக வந்துபோனது. கிளம்பும்போது அவர் என் நெற்றியைத் தடவி, “புருவத்தத் தூக்குங்க பாப்போம்” என்றார். தூக்கினேன். “இன்னும் கொஞ்சம் வரணும்” என்றார். அவர்களை ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டது.

சென்னையிலிருந்து முதலில் தினமும் போன் வந்தது. நான்காவது மாடி வீடு, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள்தான் தெரிகின்றன என்றார். பேரனுக்குப் பள்ளிக்கூடம், மருமகளுக்கு வேலை, அவருக்குப் பகல் நீளமாக இருக்கிறது. இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறோம். பேச விஷயம் குறைந்துவருகிறது. இரண்டு பேரும் அதைத் தெரிந்துகொண்டே கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். எப்படியும் அடுத்த விடுமுறைக்கு நான் சென்னை போவதாகப் பேச்சு.

அந்த வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு கணவன் மனைவி வாடகைக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் வேலை. காலையில் ஒரே பைக்கில் போய் இருட்டித் திரும்புகிறார்கள். ஜன்னலை அவர்கள் திறப்பதில்லை. கொசுவலை அடித்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கதவைத் தட்டினேன். இதற்கு முன் யார் வீட்டுக் கதவையும் காரணமில்லாமல் தட்டியவள் இல்லை. அந்தப் பெண் தலையில் துண்டோடு திறந்தாள்.

“சொல்லுங்க?”

“ஒண்ணுமில்ல. எதிர்வீடு. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு.”

“அப்படியாங்க. சரிங்க” என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை. என் சிரிப்பு இன்னும் முழுக்கச் சமமாக வருவதில்லை, சிரித்தால் இடது கண் கொஞ்சம் சுருங்கும். அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாளோ என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

போன வாரம் காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் தெருவைக் கடந்து வந்தாள். மறுநாள் எனக்கு லீவுதானே என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. ஆமாம், வீட்டில்தான் இருப்பேன் என்றேன்.

“நாளைக்குக் கேஸ் சிலிண்டர் வருதுக்கா. நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிருவோம். வாங்கி வைக்க முடியுமா?”

“வைக்கிறேன். காலிச் சிலிண்டரை வாசல்ல எடுத்து வச்சிருங்க.”

மறுநாள் பத்து மணிக்குச் சிலிண்டர் வந்தது. வாங்கி என் வீட்டு நடையில் வைத்தேன். சாயந்தரம் அவள் வந்தபோது அடுப்பில் டீ இருந்தது. குடிக்கிறாளா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, செருப்பைக் கழற்றினாள்.